ஒளியின் காந்தப்புலத்தை யாராவது உண்மையிலேயே அளந்திருக்கிறார்களா?

நாகர்கோவில் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. சுருக்கமாகச் சொன்னால்: "ஒளி என்பது மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்த அலை என்று படிக்கிறோம். ஆனால் பாடம் முழுக்க மின்புலத்தைப் பற்றித்தான் பேச்சு. உச்சிவெயிலில் சங்குத்துறை கடற்கரையில் நின்று ஃபோனில் காந்தமானி ஆப்பைத் திறந்து பார்த்தேன். வெயிலில் 40, நிழலிலும் 40. இந்தக் காந்தப்புலத்தை யாராவது அளந்திருக்கிறார்களா, இல்லை சமன்பாட்டில் மட்டும் இருக்கிற சங்கதியா?"

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இருக்கிறது என்று சொல்லப்படும் ஒன்று ஏன் எந்தக் கருவியிலும் தட்டுப்படுவதில்லை. இன்னொன்று, 'அளந்தோம்' என்று சொல்கிறவர்கள் எதை அளந்தார்கள். முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு. இரண்டாவதற்கு, "ஆமாம், அளந்திருக்கிறார்கள், ஆனால் அந்த 'அளந்தது' என்பது அளக்கும் கருவியின் முனையைப் பொறுத்தது" என்பதுதான் என் பதில். நான் அண்மைப்புல ஒளியியல் நுண்ணோக்கியில் (பரப்புக்கு மிக அருகில் ஒரு கூர்முனையை நகர்த்தி ஒளியை அளக்கும் கருவி) ஆய்வு செய்து, அந்தக் கருவியோடு பல வருடங்கள் வேலை பார்த்தவன். என் கைவேலை சாதாரணத் துளை முனைகளோடுதான். கீழே வரப்போகும் பிளவு வளைய முனையை நான் செய்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வது வெளிவந்த ஆய்வுகளைப் படித்து, அதே துறையில் இருந்தவன் என்ற முறையில் புரிந்துகொண்டது.

முதலில் உங்கள் ஃபோன் விஷயம். 40 என்று காட்டியது மைக்ரோ டெஸ்லா. அது பூமியின் காந்தப்புலம். வெயிலின் கணக்கைப் போடுவோம். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. அதற்கு மின்புலம் சராசரியாக மீட்டருக்கு 600 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும். அதை ஒளியின் வேகத்தால் வகுத்தால் காந்தப்புலம் ஏறக்குறைய 2 மைக்ரோ டெஸ்லா. பூமியின் புலத்தில் இருபதில் ஒரு பங்கு. இது நிலையான புலமாக இருந்திருந்தால் உங்கள் ஃபோனே காட்டியிருக்கும். ஆனால் இது வினாடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி தடவை ஊசலாடுகிறது. ஃபோனின் சென்சார் வினாடிக்கு நூறு தடவை போலத்தான் படிக்கும். அதன் கண்ணில் சராசரி சுழி (பூஜ்யம்). அதோடு, அந்தச் சில்லு ஃபோனுக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நீங்கள் கண்டது சரி. வேறு எதுவும் வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கே நம்ம மாவட்டத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். சூரியன் உச்சிக்கு வரும்போது நம்மூரில் காந்தப்புலம் உண்மையிலேயே கொஞ்சம் ஏறுகிறது. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு) இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. சூரிய வெளிச்சத்தால் மின்னேற்றமடைந்த காற்றில், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் நண்பகலில் தரையில் 0.1 மைக்ரோ டெஸ்லா அளவுக்குப் புலம் கூடும். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்துக்கு ஓர் ஆய்வகம் இருப்பதும், தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் காந்த நடுக்கோட்டுக்காகத்தான். ஃபோனில் இதையும் நம்பி அளக்க முடியாது. இது சூரிய ஒளி உண்டாக்கிய மின்னோட்டத்தின் காந்தப்புலம். ஒளியின் சொந்தக் காந்தப்புலம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

சரி, ஃபோன் போகட்டும். நம் கண், கேமரா, சூரியத் தகடு, தாவர இலை, எல்லாமே ஒளியை உள்வாங்குகின்றன. இவற்றில் ஒன்றுகூட ஏன் காந்தப்புலத்தைப் பொருட்படுத்துவதில்லை? ஒளியின் காந்தப்புலம் பலவீனமானது என்று பலர் பதில் சொல்வார்கள். அது தவறு. வெட்டவெளியில் போகும் ஒளியில் மின்புலத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறதோ, அதே அளவு காந்தப்புலத்திலும் இருக்கிறது. சரிபாதி. பலவீனமாக இருப்பது பொருளின் பதில். ஓர் எலக்ட்ரானை மின்புலம் நேராகத் தள்ளும். காந்தப்புலமோ அந்த எலக்ட்ரான் ஓடினால்தான், அந்த வேகத்துக்கு ஏற்றபடிதான் தள்ளும். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் வேகம் ஒளிவேகத்தில் 137-இல் ஒரு பங்கு. விசை அந்த அளவுக்குக் குறைகிறது. உறிஞ்சும் நிகழ்தகவு என்று வந்தால் அதன் வர்க்கம், அதாவது ஏறக்குறைய 19,000-இல் ஒரு பங்கு.

இதைச் சோதனையில் காட்டியவர் ஜெர்மனியின் ஓட்டோ வீனர். வருடம் 1890. உலோகம் பூசிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, வரும் ஒளியோடு சேர்ந்து, உச்சமும் சுழியும் இடம் மாறாத நிலையலை ஆகும். உலோகப் பரப்பை ஒட்டி மின்புலம் சுழி, காந்தப்புலம் உச்சம். கால் அலைநீளம் தள்ளினால் நேரெதிர். வீனர் அலைநீளத்தைவிட மிக மெல்லிய ஒளிப்படப் படலத்தைக் கண்ணாடிமேல் கொஞ்சம் சாய்த்து வைத்தார். சாய்வால் அந்தச் சின்ன இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியும் பட்டைகளாக விரிந்தன. கண்ணாடிப் பரப்பை ஒட்டிய இடம் கறுக்கவில்லை; கால் அலைநீளம் தள்ளிக் கறுத்தது. படலத்தைக் கறுக்க வைப்பது மின்புலம்தான், காந்தப்புலம் உச்சத்தில் இருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. எனக்குப் பிடித்த சோதனைகளில் இது ஒன்று. அந்தக் காலத்துச் சாமான்களை வைத்துக்கொண்டு, ஒளியின் இரண்டு புலங்களையும் இடத்தால் பிரித்துக் காட்டிவிட்டார்.

அப்புறம் ஏன் நூறு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது? ஒரு காரணம், தேவையே இல்லை என்று எல்லாரும் நினைத்தது. தூரத்திலிருந்து வரும் சமதள அலையில் மின்புலம் தெரிந்தால் காந்தப்புலமும் தெரிந்ததுபோலத்தான். ஒளிவேகத்தால் வகுத்தால் போதும். ஆனால் அலைநீளத்தைவிடச் சின்னதான அமைப்புகளுக்குப் பக்கத்தில், பரப்பிலிருந்து சில பத்து நானோமீட்டருக்குள், இந்த எளிய உறவு உடைந்துவிடுகிறது. ஒரு சிறிய உலோகக் கூர்முனையின் பக்கத்தில் மின்புலம் கொட்டிக் கிடக்கும், காந்தப்புலம் சொற்பம். ஒரு சிறிய வளையத்தின் நடுவில் காந்தப்புலம் ஓங்கி நிற்கும். ஒளிப்படிகங்கள் எனப்படும், துளைகளை வரிசையாகப் போட்ட சிலிக்கன் தகடுகளில், மின்புலம் உச்சமாக இருக்கும் இடமும் காந்தப்புலம் உச்சமாக இருக்கும் இடமும் தனித்தனி. அங்கேதான் "காந்தப்புலம் எங்கே எவ்வளவு?" என்ற கேள்விக்கு அர்த்தம் வருகிறது. அந்த இடத்துக்கு லென்ஸால் போக முடியாது. அலைநீளத்தில் பாதிக்குக் கீழே லென்ஸுக்குக் கண் தெரியாது.

அதற்காக வந்ததுதான் அண்மைப்புல நுண்ணோக்கி. ஒளிபுகாத தகட்டில் அலைநீளத்தைவிடச் சின்னத் துளை போட்டு, அதைப் பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய் நகர்த்தினால் அந்த எல்லையைத் தாண்டலாம் என்று 1928-இல் சிஞ் என்ற அயர்லாந்துக்காரர் எழுதினார். ஒளியில் அது கைகூடியது 1980-களில். இன்று நாங்கள் வைத்திருக்கும் துளை என்பது கூராக்கிய கண்ணாடியிழையின் நுனி. இழையை லேசரால் சூடாக்கிக்கொண்டே இருபுறமும் இழுத்தால் நடுவில் மெலிந்து அறுந்து இரண்டு கூர்முனைகள் கிடைக்கும். அதைச் சுழற்றிக்கொண்டே, பக்கவாட்டிலிருந்து அலுமினியம் படிய வைக்க வேண்டும். பக்கங்களில் உலோகம் ஏறும், உச்சியில் மட்டும் 100, 200 நானோமீட்டருக்கு ஒரு வாய் மிஞ்சும். இந்த முனையை ஒரு குட்டி குவார்ட்ஸ் இசைக்கவையின் ஒரு காலில் ஒட்டுவோம். கைக்கடிகாரத்துக்குள் இருக்குமே, வினாடிக்கு 32,768 தடவை அதிருவது, அதேதான். பசை ஒரு பொட்டு கூடிப்போனாலும் அதிர்வு மந்தமாகி முனை பயனற்றுப் போகும். சரியாக ஒட்டியிருந்தால், முனை பரப்பிலிருந்து இருபது நானோமீட்டர் போல நெருங்கும்போது அதிர்வின் வீச்சு சட்டென்று குறைய ஆரம்பிக்கும். அந்தக் குறைவை ஒரே அளவில் பிடித்து வைத்துக்கொண்டு பரப்பை வரிவரியாக வருட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி போதும், அரைநாள் உழைத்துச் செய்த முனை மழுங்கிப்போக.

முனை உறிஞ்சிய ஒளி இழை வழியாக வந்து கடைசியில் ஒரு ஒளிக்கண்டறிவானில் விழுகிறது. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: அந்தக் கண்டறிவான் வீனரின் படலத்தைப் போலவே மின்புலத்துக்கு மட்டும் பதில் சொல்வது. ஆகவே பரப்பில் இருக்கும் காந்தப்புலத்தை, இழைக்குள் ஓடக்கூடிய சாதாரண ஒளியாக மாற்றும் வேலை நுனியிலேயே நடந்தாக வேண்டும். ஒளியின் காந்தப்புலத்தை அளப்பது என்றால் இந்த மாற்றத்தைச் செய்யும் நுனியைச் செய்வதுதான்.

2009-இல் ஆம்ஸ்டர்டாமின் ஆமோல்ஃப் ஆய்வகத்தில் புரேசி, கைப்பர்ஸ் ஆகியோரின் குழு செய்தது அதைத்தான். உலோகம் பூசிய முனையின் உச்சியில் உலோக விளிம்பு தானாகவே ஒரு வளையமாக இருக்கும். அந்த உலோகப் பூச்சை அயனிக் கற்றையால் வெட்டி, வளையத்தில் ஒரு பிளவு விழும்படி செய்தார்கள். பரப்புக்குச் செங்குத்தான காந்தப்புலம் வளையத்துக்குள் ஏறி இறங்கும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த ஃபாரடே விதிப்படி வளையத்தில் மின்னோட்டம் சுற்றும். பிளவு இருப்பதால் அதன் இரு கரைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் சேரும். பிளவுக்குக் குறுக்கே ஒரு மின் இருமுனை கிடைத்துவிட்டது. அது இழைக்குள், பிளவுக்குக் குறுக்கான திசையில் முனைவாக்கம் அடைந்த (மின்புலம் அந்தத் திசையிலேயே ஊசலாடும்) ஒளியை அனுப்பும். காந்தம் மின்னாக மாறியாயிற்று. தொலைத்தொடர்பில் பயன்படும் 1.5 மைக்ரான் அளவிலான அகச்சிவப்பு ஒளியை ஓர் அலைவழியில் (ஒளியைத் தன்னோடு கொண்டுபோகும் மெல்லிய பட்டையில்) செலுத்தி, அதன்மேல் இந்த முனையை ஓட்டி, காந்தப்புலத்தின் வீச்சையும் கட்டத்தையும் (அலை ஊசலாட்டத்தின் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்) படமாக எடுத்தார்கள்.

அந்த ஒளி ஒன்றும் அற்பமானதல்ல. ஒரு மில்லிவாட் ஒளியை ஒரு சதுர மைக்ரானில் அடைத்தால் அதன் காந்தப்புலம் 2 மில்லி டெஸ்லாவைத் தொடும். வெயிலில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு.

உடனே ஒரு சந்தேகம் வர வேண்டும். பிளவுக்குக் குறுக்கே அமையும் மின்புலமும் அந்த முனையை நேரடியாக உசுப்புமே? உசுப்பும். இதிலிருந்து தப்புவதற்கு அலைவழியின் சமச்சீர்தான் கைகொடுக்கிறது. அலைவழியில் போகும் ஒளியின் மின்புலம் முக்கியமாக அகலவாக்கில் இருக்கும். நீளவாக்கு மின்புலம் ஓரங்களில் மட்டும்தான், நடுக்கோட்டில் அது சுழி. பிளவுக்குக் குறுக்கான திசை நீளவாக்கில் அமையும்படி முனையை வைத்தால், நடுக்கோட்டில் அந்த முனைவாக்கத்தில் வரும் ஒளிக்கு மின்புலத்தைக் காரணம் காட்ட முடியாது. சாதாரண வட்ட முனையை வைத்தால் அதே இடத்தில் அந்தத் திசையில் இருட்டாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் செங்குத்துக் காந்தப்புலத்தின் கையெழுத்து. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்றே நினைக்கிறேன். ஒளியின் அதிர்வெண்ணிலேயே காந்தப்புலத்துக்குப் பதில் சொல்லும் முனை ஒன்று செய்யப்பட்டு, அது படம் எடுத்தது என்பது உறுதி.

அடுத்த வருடமே இன்னொரு வழி வந்தது. ஆம்ஸ்டர்டாமிலும் இத்தாலியின் ஃப்ளோரன்ஸிலும். ஒளிப்படிகத்தில் ஒளியைச் சிறைப்பிடிக்கும் ஒரு நுண்குழிவின் மேல் முனையைக் கொண்டுபோனால் அதன் ஒத்ததிர்வு அலைநீளம் கொஞ்சம் நகரும். முனையின் மின்சார எதிர்வினை அதைச் சிவப்புப் பக்கம் தள்ளும். வளையம்போல் நடந்துகொள்ளும் உலோக முனையில், லென்ஸ் (Lenz) என்பவரின் விதிப்படி, தூண்டப்பட்ட மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்க்கும். அது ஒத்ததிர்வை நீலப் பக்கம் தள்ளும். எங்கே நீலப் பக்கம் நகர்கிறதோ அங்கே காந்தப்புலம் ஓங்கியிருக்கிறது. எனக்கு இந்த முறைமேல் தனி மரியாதை உண்டு. நகர்வின் திசையே பதிலைச் சொல்லிவிடுகிறது. அளவைப் பற்றிச் சண்டை போட்டாலும் குறியைப் பற்றிச் சண்டை போட முடியாது.

எங்களைப் போன்ற சாதாரண முனைக்காரர்களைக் கலக்கியது அதற்கப்புறம் வந்ததுதான். உலோகத் தகட்டில் இருக்கும் சின்னத் துளை எப்படி நடந்துகொள்ளும் என்று இயற்பியலாளர் பேத்தே 1944-இலேயே கணக்குப் போட்டிருந்தார். நல்ல கடத்தியின் பரப்பில், பரப்பை ஒட்டிய (அதற்கு இணையான) மின்புலம் சுழி. ஆகவே துளையை உசுப்புவது பரப்பை ஒட்டிய காந்தப்புலமும் செங்குத்தான மின்புலமும். அதாவது துளை என்பது பாதிக்குப் பாதி ஒரு காந்த இருமுனை. தென்கொரியாவின் சோலில் 2011-இல் ஒரு குழு இதையே வைத்து, துளையை ஒளியின் காந்தத் திசைகாட்டியாகப் பயன்படுத்திக் காட்டியது. 2014-இல் கைப்பர்ஸின் குழு, பிளவு எதுவும் போடாத வெறும் வட்டத் துளை முனையே, பரப்பை ஒட்டிய மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஏறக்குறைய ஒரே கூர்மையோடு சேர்த்துப் பிடிக்கிறது என்று ஒளிப்படிக அலைவழியின்மேல் வெவ்வேறு உயரங்களில் அளந்து காட்டியது.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். அதுவரை துளை முனையால் எடுத்த படங்களை எல்லாம் 'மின்புலத்தின் படம்' என்றே எழுதிவந்தோம். நேரான அலைவழிகளில் இரண்டு புலங்களின் வடிவமும் ஒத்துப்போவதால் பாதகமில்லை. ஆனால் ஒளிப்படிகம் மாதிரி இரண்டும் பிரிந்து நிற்கும் இடங்களில் எடுத்த படத்தில் எது யாருடைய பங்கு என்று திரும்பப் பார்க்க வேண்டியதாகிவிட்டது. காந்தப்புலத்தை அளக்க முடியாமல் தவித்தோம் என்பது ஒரு பக்கம். அளந்துகொண்டே இருந்தும் அதைத் தெரிந்துகொள்ளவில்லை என்பது இன்னொரு பக்கம். இந்தத் துறையில் நடந்த மிக முக்கியமான திருத்தம் இதுதான் என்பது என் கருத்து.

இங்கேதான் சந்தேகத்துக்கு இடமான பகுதி தொடங்குகிறது. தலைகீழ்மைத் தேற்றம் என்று ஒன்று உண்டு. முனை எடுத்த சமிக்ஞை எவ்வளவு என்பதை, அதே முனை வழியாக ஒளியைத் திருப்பி அனுப்பினால் பரப்பில் என்ன புலம் உண்டாகுமோ, அதோடு மாதிரியின் புலத்தைப் பெருக்கித் தொகையிட்டுக் கண்டுபிடிக்கலாம். அந்தத் தொகையில் மின்புலமும் காந்தப்புலமும் எப்போதும் சேர்ந்தே வரும். ஆகவே 'சுத்தமான காந்த முனை' என்பது ஒரு தோராயம். முனையை ஒரு மின் இருமுனை, ஒரு காந்த இருமுனை என்று எளிமைப்படுத்தினால்தான் "இவ்வளவு காந்தம், இவ்வளவு மின்" என்று பிரிக்க முடியும். முனையின் அளவு அலைநீளத்தில் பத்தில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று இருக்கும்போது அந்த எளிமைப்படுத்தல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது முனைக்கு முனை மாறும். முனை தானே அந்த இடத்துப் புலத்தைக் கொஞ்சம் கலைக்கவும் செய்யும். காந்தப்புலத்தின் இடவடிவம், கட்டம் இவற்றை நம்பலாம். 'இத்தனை மில்லி டெஸ்லா' என்று அறுதியாக ஒரு எண் கொடுத்தால், அந்த முனையை எப்படி அளவீடு செய்தார்கள் என்று கேட்காமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு வாதமும் வரும். மின்புலத்தின் திசைக்கூறுகளைக் கட்டத்தோடு அளந்துவிட்டால், மேக்ஸ்வெல் சமன்பாட்டின்படி வகைக்கெழு எடுத்துக் காந்தப்புலத்தைக் கணக்கிட்டுவிடலாமே, தனியாக முனை எதற்கு? கணக்கிடலாம், அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் இரைச்சல் கலந்த படத்தில் வகைக்கெழு எடுத்தால் இரைச்சல்தான் முதலில் பெருகும். அதோடு, அளந்த மின்புலம் உண்மையில் மின்புலம் மட்டும்தானா என்ற மேலே சொன்ன சிக்கல் இங்கேயும் வந்து நிற்கும்.

முனை, வளையம் எதுவும் வேண்டாம், ஓர் அணுவையே காந்த முனையாக வைத்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது வழி. இதில் நம்ம மணவாளக்குறிச்சிக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அங்கே கடல்மணலில் பிரித்தெடுக்கும் மோனசைட்டில் அருமண் தனிமங்கள் உண்டு. அவற்றில் மிகக் கொஞ்சமாக யூரோப்பியமும் இருக்கும். மூன்று எலக்ட்ரான் இழந்த யூரோப்பியம் அயனி சிவப்பாக ஒளிரும். அந்த ஒளியில் 610 நானோமீட்டரை ஒட்டிய கோடு மின் இருமுனைத் தாவலால் (எலக்ட்ரான்கள் மின்புல வழியாக ஆற்றல் நிலை மாறுவதால்) வருவது. 590-ஐ ஒட்டிய ஆரஞ்சுக் கோடுகள் காந்த இருமுனைத் தாவலால் வருபவை. காந்தத் தாவல் 19,000-இல் ஒரு பங்கு என்றேனே, அது எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று கேட்பீர்கள். இந்த அயனியின் உள்கூட்டில் மின் தாவலுக்குச் சமச்சீர் விதி தடை போடுகிறது. தடைபட்ட மின் தாவலும் தடையில்லாத காந்தத் தாவலும் பலத்தில் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. 590 காந்தம்தான் என்பதைக் குறுக்கீட்டுச் சோதனையால் ஃப்ரீட், வைஸ்மன் இருவரும் 1941-இலேயே காட்டிவிட்டார்கள். பழைய சி.எஃப்.எல். விளக்கு வீட்டில் எங்காவது கிடந்தால், கல்லூரி நிறமாலைமானியில் கிரேட்டிங்கை வைத்துப் பாருங்கள். 611-இல் பளிச்சென்ற சிவப்புக் கோடு தெரியும். மெர்க்குரியின் 577, 579 மஞ்சள் கோடுகளைத் தாண்டி, 587, 593, 599 என்று மங்கலாகச் சில கோடுகள் நிற்கும். அவை யூரோப்பியத்தின் காந்தத் தாவல்கள். வீனரின் படலம் பார்க்காமல் விட்ட பாதையில் பிறந்த ஒளி அது.

பாரீஸில் 2014-இல் யூரோப்பியம் கலந்த ஒரு நுண்துகளை முனையில் ஒட்டி, தங்க அமைப்புகளின்மேல் ஓட்டி, இந்த இரு கோடுகளின் விகிதம் இடத்துக்கு இடம் மாறுவதைப் படமாக்கினார்கள். ஆனால் கவனம்: இதில் அளப்பது ஒளிக்கற்றை ஒன்றின் காந்தப்புலத்தை அல்ல. அந்த இடத்தில் காந்த வழியாகவும் மின் வழியாகவும் ஒளிரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான். இரண்டும் நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. செய்திக்கட்டுரைகளில் இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. உங்கள் கையாலேயே இதைச் செய்து பார்க்க வழி இருக்கிறது. ஒளியில் அல்ல, மைக்ரோ அலையில். நம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ஆய்வகம் என்றால் பெரும்பாலும் எக்ஸ் பேண்ட் கிளைஸ்ட்ரான் பெஞ்ச் (மைக்ரோ அலையை உண்டாக்கி அளக்கும் மேசை அமைப்பு) ஒன்று இருக்கும். அதை 10 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் காற்றில் அலைநீளம் 3 சென்டிமீட்டர். அலை வெளிவரும் கூம்புவாயான ஹார்னுக்கு எதிரே ஒரு அலுமினியத் தகட்டை நிறுத்துங்கள்; வீனரின் நிலையலை தயார். இரண்டு முனை செய்துகொள்ளுங்கள். ஒன்று, கோ-ஆக்சியல் கேபிளின் உட்கம்பி சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருப்பது, அது மின்புலத்துக்கு. இன்னொன்று, அதே கம்பியை 3 மில்லிமீட்டர் வளையமாக வளைத்து வெளி உறையில் பற்றவைத்தது, அது காந்தப்புலத்துக்கு. பிளவு வளைய முனையின் பெரியண்ணன் இது. இரண்டையும் கிரிஸ்டல் டிடெக்டரில் இணைத்து, தகட்டிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் படியுங்கள். கம்பி மின்புலத்துக்கு இணையாக இருக்க வேண்டும். வளையத்தின் தளம் மின்புலத்தையும் அலை போகும் திசையையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் காந்தப்புலம் அதை ஊடுருவும். கேபிளைக் கூடியவரை மின்புலத்துக்குச் செங்குத்தாகக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கேபிளே ஆன்டெனா ஆகிவிடும். ஆற்றல் குறைவுதான் என்றாலும் ஹார்னுக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டாம்.

தகட்டிலிருந்து 7.5 மில்லிமீட்டரில் கம்பி உச்சம் காட்டும், 15-இல் அடிமட்டம். வளையம் நேரெதிராக இருக்க வேண்டும், 7.5-இல் அதற்குச் சுழி. ஆனால் முதல் தடவை செய்யும்போது 7.5-இல் வளையம் சுழிக்கு வராது. அங்கே மிஞ்சுவதில் பெரும்பகுதி வளையத்துக்குள் கசியும் மின்புலம். வளையத்தைச் சின்னதாக்குங்கள், கேபிளின் திசையைத் திருத்துங்கள், மிச்சம் எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். 15-இல் வரும் அளவோடு அந்த மிச்சத்தை ஒப்பிட்ட விகிதம்தான் உங்கள் முனையின் தரம். ஆய்வுக்கட்டுரையில் 'காந்தப்புலத்தின் படம்' ஒன்றைப் பார்த்தால், முதலில் தேட வேண்டியதும் அதே விகிதத்தைத்தான்.